முப்பத்தோராம் நாள்

ஜூன் 17, சனி

எட்வினா ரொட்ரிகோ கொண்டுவந்த சாம்பார் சாதத்தை என் வீட்டு வாசலில் நின்ற நாய் தின்றதாகத் தெரு முழுவதும் பேச்சு. தவறான செய்தி. நாய்க்கு நான் வைத்தது உண்மை. நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு செய்தி, மகளின் அடக்கத்தன்று நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது. இதுவும் தவறு. காலை ஐந்து பத்துக்குக் குளியலறையில் அழுதேன். ஐந்தரைக்கு முகம் கழுவினேன். ஆறு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக இன்னொரு முறை அழும் வழக்கம் என்னிடம் இல்லை. கைக்குட்டை இருப்பது அடுத்தவர் தோளை நனைக்காமல் இருப்பதற்கு என்று கான்வென்ட்டில் மதர் ஹில்டகார்டு சொல்லிக்கொடுத்தார். இந்த ஊரில் தோள்கள்தான் அதிகம், கைக்குட்டைகள் குறைவு.

கோயிலில் கொடுத்த ஆறுதல் புத்தகம் தினமும் மன உணர்வுகளை எழுதச் சொல்கிறது. மன உணர்வுகளை எழுத மாட்டேன். நடந்ததை எழுதுகிறேன். முதல் பயிற்சி, "நீங்கள் யார், யாரை இழந்தீர்கள்?" எழுதிவிடுகிறேன். பெர்பெத்துவா மிராண்டா, வயது எழுபத்தெட்டு, தூத்துக்குடி. துறைமுக அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ப் பத்தொன்பது வருடம். ஒரே மகள் ஜூலியானா, நாற்பத்தேழு வயது, வங்கியில் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. என்னோடு இருந்தாள். ஜூன் 9, வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணிக்கு வங்கியில் தன் மேசையிலேயே மயங்கிச் சாய்ந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. நாலு மணிக்கு முடிந்துவிட்டது. அன்று காலை வீட்டில் விசேஷமாக ஒன்றும் இல்லை.

இனி இந்த வீட்டில் தனியாக இருந்துகொள்வேன், யாரிடமும் எதுவும் கேட்க மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சொன்னதை நான் மாற்றியதில்லை.

ஜூன் 19, திங்கள்

எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கில் எங்கள் பகுதி வீடுகள் சேர்ந்த ஜெபக் குழுவில், முப்பது வீடுகள். புதன்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபம், வேத வாசிப்பு, பகிர்வு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முப்பது நாளும் நாளுக்கு ஒரு வீடாக மதியச் சாப்பாடு போகும். அதே வீட்டார் மாலை நாலு மணிக்கு வந்து அரை மணி நேரம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த அட்டவணையைப் போட்டது நான்தான். பன்னிரண்டு வருடம் பொறுப்பாளராக இருந்தேன். நான் வருவதற்கு முன்னால் துக்க வீட்டுக்கு ஒரே நாளில் நாலு வீட்டுச் சோறு வரும், மறுநாள் பச்சைத் தண்ணீர்கூட வராது. சிலர் ஆறு மாதம் கழித்தும் வந்து உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். ஒழுங்கே கிடையாது. முப்பது வீடு, முப்பது நாள் என்று நான்தான் சீர்செய்தேன். நாலு வருடத்துக்கு முன் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பொறுப்பை எட்வினாவிடம் கொடுத்தேன். என் அட்டவணையை எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறாள். இப்போது என் குளிர்சாதனப் பெட்டியில் அதை ஒட்டியும் இருக்கிறாள்.

இன்று பதினோராம் நாள், பதினோராம் வீடு. ஷர்மிலியும் அவள் கணவரும் வந்தார்கள்.

"ஆண்டவருக்கு ரொம்பப் பிடிச்சவங்களத்தான் சீக்கிரமா கூப்பிட்டுக்கிடுவாரு மாமி" என்றாள் ஷர்மிலி.

"அப்ப என்னைய எழுபத்தெட்டு வயசு வரைக்கும் விட்டு வச்சிருக்காரே, எம்மேல அவருக்கு என்ன கோவம்?"

ஷர்மிலி கணவரைப் பார்த்தாள். கணவர் மேலே பார்த்தார்.

"ஃபேன் மெதுவா சுத்துதே மாமி. கண்டென்சர் போயிருக்கும்."

பதினோரு நாளில் இந்த வீட்டில் பேசப்பட்ட உருப்படியான முதல் வார்த்தை அதுதான். நாளை வாங்கிவந்து மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மற்றவர்கள் சொன்னதையும் எழுதிவைக்கவேண்டும். "நல்லவேளை மாமி, கலியாணம் ஆகல, இல்லேன்னா பிள்ளைய அனாதையா நிக்கும்." ஏழாம் வீடு. இல்லாத பேரப்பிள்ளைகள் அனாதையாகாமல் இருப்பதற்காக நான் நன்றி சொல்லவேண்டுமாம். "குடுத்து வச்சவ, நோவாமப் போயிட்டா." இதை மூன்று பேர் சொன்னார்கள். எப்படித் தெரியும்? போய்க் கேட்டார்களா? நாலாம் வீட்டு ரெஜிஸ் அம்மாள் தன் நாய்க்குட்டி லாரியில் அடிபட்ட கதையைச் சொல்லி, தானே அழுது, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்து, ஆறுதலடைந்து வீட்டுக்குப் போனாள்.

ஒருவர்கூட ஜூலி என்று சொல்லவில்லை. "அந்தப் புள்ள", "போனவ", "அவ". பெயரைச் சொன்னால் அவர்கள் வீட்டுக்கும் வந்துவிடும் போல.

ஜூன் 20, செவ்வாய்

மதியம் இடியாப்பம், சொதி. மின்விசிறி சரியாகிவிட்டது.

ஜூன் 21, புதன்

இடியாப்பம், சொதி.

ஜூன் 22, வியாழன்

இடியாப்பம். சொதியில் தேங்காய்ப்பால் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.

ஜூன் 24, சனி

புதிதாக வந்திருக்கும் உதவிப் பங்குத்தந்தை வந்தார். முப்பது வயது இருக்கலாம். நல்ல பிள்ளைதான். செருப்பை வாசலில் நேராகக் கழற்றி வைத்தார்.

"எப்படி இருக்கீங்க பாட்டி?"

"ஃபாதர், எனக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது."

"சாரிம்மா." ஆறுதல் புத்தகத்தை எதுவரை படித்திருக்கிறேன் என்று கேட்டார். மூன்றாம் அதிகாரம் என்றேன். அதில் துக்கத்துக்கு ஐந்து படிகள் போட்டிருக்கிறது, நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று கேட்டார்.

"முழங்கால்ல ஆபரேஷன் பண்ணவ ஃபாதர். படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

சிரிக்கலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. குருமடத்தில் அதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். போகும்போது தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஜெபத்தில் பாதி வரியை விட்டுவிட்டார். யாராவது அவருக்கும் ஆறுதல் சொன்னால் நல்லது.

மதியம் இடியாப்பம், சொதி.

ஜூன் 27, செவ்வாய்

முச்சந்தியில் அன்பியத்தின் சார்பில் வைத்திருக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரை இன்றுதான் போய்ப் பார்த்தேன். பின்னணியில் சூரியன் மறைகிறது. இரண்டு புறா பறக்கிறது. ஓர் அருவியும் விழுகிறது. தூத்துக்குடியில் எங்கே என்று தெரியவில்லை. நடுவில் ஜூலி. வங்கி அடையாள அட்டையில் இருந்த படம். அதை எடுத்தபோது வெயில் கண்ணில் பட்டு ஒரு கண்ணைச் சுருக்கியிருந்தாள். கீழே துயரத்தில் ஆழ்ந்திருப்பவர்கள் இருபத்திரண்டு பேரின் படம். ஆழ்ந்த துயரத்திலும் ஒருவர் கூலிங்கிளாஸ் போட்டிருக்கிறார். எட்வினாவின் படம் ஜூலியின் படத்தைவிடச் சிறியது என்று துணிந்து சொல்ல முடியாது.

பூக்கடை வள்ளிமயில் வெளியே வந்து, "வெயில்ல ஏம்மா இவ்வளவு நேரமா நிக்கிய, உள்ள வந்து உக்காருங்க" என்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் என்றாள். பூ விற்கிறவர்களுக்கு நேரக் கணக்கு சரியாக இருக்காது.

ஜூன் 30, வெள்ளி

இன்று இருபத்திரண்டாம் நாள். மதியம் ஒரு மணி வரை யாரும் வரவில்லை. ஒன்றரைக்கும் இல்லை. எட்வினாவுக்குப் போன் செய்து என் அட்டவணையை எப்படி நடத்துகிறாள் என்று கேட்கலாமா என்று எழுந்தேன். கேட்க மாட்டேன் என்று சொன்னது நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு அட்டவணையைப் போய்ப் பார்த்தேன்.

இருபத்திரண்டு. திருமதி பெ. மிராண்டா.

துக்க வீட்டுக்கு இன்று சாப்பாடு கொண்டுபோகவேண்டியவள் நான். இத்தனை வருடத்தில் எத்தனையோ சாவு விழுந்திருக்கிறது. இருபத்திரண்டாம் நாள் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. துக்க வீடே இருபத்திரண்டாவது வீடாக இருந்தால் என்ன செய்வது என்பதை அட்டவணை போட்டபோது நான் யோசிக்கவில்லை. எட்வினாவுக்கு யோசிக்கும் வழக்கம் இல்லை.

முறை என்றால் முறை. பையை எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். துக்க வீட்டுக்கு மீன் ஆகாது என்று இவர்களாகவே முடிவுசெய்து, இருபத்தோரு நாளாக என்னை ஆடு மாடு போல இலையும் தழையுமாக வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் சாளைதான் மீதி இருந்தது. இந்த வீட்டில் நான் சாளை பொரிக்க விட்டதில்லை. வாடை திரைச்சீலையில் ஏறினால் மூன்று நாள் போகாது. ஜூலி மாதத்தில் ஒரு நாள் வங்கித் தோழி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கைவிரலை முகர்ந்தால் தெரியாதா?

எட்டுச் சாளை பொரித்தேன். ஆளுக்கு நாலு என்று கை போட்டுவிட்டது.

நாலு மணிக்கு ஆறுதல் சொல்லவேண்டிய முறையும் என்னுடையது. புடவை மாற்றிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அரை மணி நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு எழுந்தேன். மற்ற வீடுகளைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன்.

திரைச்சீலைகளைத் துவைக்கவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

இடியாப்பம், சொதி. இந்த முப்பது வீட்டாருக்கும் வேறு எதுவுமே சமைக்கத் தெரியாதா?

ஜூலை 8, சனி

முப்பதாம் நாள் பூசை. கோயில் நிறைந்திருந்தது. பாடல் குழு சுதி சேராமல் பாடியது. கல்லறையில் பூ வைத்தோம். முப்பதாம் வீட்டார், அதாவது வேதநாயகம் தம்பதியர், மதியச் சாப்பாட்டோடு வந்தார்கள். நாலு மணிக்கும் வந்தார்கள்.

நாலரைக்கு எட்வினா வந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த அட்டவணையை உரித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது மாமி. ஒரு வீடுகூடத் தவறல."

"இருபத்திரண்டு?"

எட்வினா பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது. "ஐயோ, மாதாவே! மாமி, அன்னைக்கு என்ன செய்திய?"

"கொண்டுவந்து குடுத்துட்டேன். ருசியா இருந்துச்சுன்னு துக்க வீட்டுல சொன்னாங்க."

வேதநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி அவர் காலை மிதித்தாள். ஜூலி இருந்திருந்தால் சத்தமாகவே சிரித்திருப்பாள்.

ஜூலை 9, ஞாயிறு

யாரும் வரவில்லை. நிம்மதி.

ஜூலை 10, திங்கள்

நிம்மதி. பழக்க தோஷத்தில் மூன்றரைக்கே புடவை மாற்றிவிட்டேன்.

ஜூலை 11, செவ்வாய்

சமையலறையில் அடுத்த வீடுகளின் தூக்குச்சட்டியும் டப்பாவுமாகப் பதினொன்று சேர்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுப்பதுதான் முறை. ஒரே நாளில் சுமந்தால் முழங்கால் தாங்காது. நாளைக்கு ஒன்றாகக் கொண்டுபோகலாம் என்று முடிவுசெய்திருக்கிறேன். மாலை நாலு மணி தோதான நேரம்.

இன்று ஷர்மிலி வீடு. அவள் கேட்டருகிலேயே டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கு மாமி இந்தக் காலோட நீங்க வரணும்? போன் போட்டிருந்தா இவிய வந்து வாங்கிட்டு வந்திருப்பாவளே."

மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்று அவள் கணவரிடம் சொல்லச் சொன்னேன். சொல்கிறேன் என்றாள். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 13, வியாழன்

ரெஜிஸ் அம்மாள் வீட்டில் இல்லை. தூக்குச்சட்டியைக் கதவில் மாட்டிவிட்டு வந்திருக்கலாம். காணாமல் போய்விட்டால் என் பெயர்தான் கெடும். நாளை மறுபடி போகிறேன்.

ஜூலை 15, சனி

வேதநாயகம் வீட்டம்மாவை மீன் கடையில் தூரத்தில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் நடையை மாற்றி மருந்துக் கடைக்குள் போய்விட்டாள். அவளுக்கு எந்த நோயும் கிடையாது. முப்பது நாள் பேசவேண்டியதைப் பேசி முடித்துவிட்டார்கள். இனி என்ன பேசுவது என்று பயம்.

டப்பாக்கள் இன்னும் ஏழு இருக்கின்றன.

ஜூலை 19, புதன்

அன்பியக் கூட்டம், எட்வினா வீட்டில். ஜூலி போன பிறகு நான் போன முதல் கூட்டம். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வாசகம் முடிந்ததும் பகிர்வு. பகிர்வு என்றால் விருப்பமுள்ளவர் ஒருவர் எழுந்து தன் வாழ்வில் நடந்ததைச் சொல்வது. இத்தனை வருடத்தில் நான் எழுந்ததில்லை. பொறுப்பாளருக்கு நேரம் பார்க்கும் வேலை இருந்தது. இன்று எழுந்தேன்.

எழுந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஆகவே வரிசையாகத் தொடங்கினேன். ஜூன் 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்றேன். ஜூலி ஆறு மணிக்கு எழுந்தாள் என்றேன். நீலப் புடவை கட்டியிருந்தாள், எப்போதும் எட்டு நாற்பது பஸ், அன்று ஒன்பது மணிப் பஸ்ஸுக்குப் போகிறேன் என்றாள், ஏன் என்று கேட்டேன் என்றேன். அந்தப் பெயரை அத்தனை பேர் முன்னால் சொல்வது சிரமமாக இருக்கவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பது போல இருந்தது. ஜூலி தலை வலிக்கிறது மம்மி என்றாள், அதற்கு நான்

மணி அடித்தது.

எட்வினா கையில் சின்ன வெண்கல மணி. மூன்று நிமிடம் ஆகிவிட்டது. அவள் முகம் கெட்ட முகம் இல்லை. சங்கடப்பட்டுக்கொண்டுதான் அடித்தாள்.

"மன்னிச்சிக்கிடுங்க மாமி. மூணு நிமிஷம். நீங்க போட்ட சட்டந்தான."

"சரிதான்" என்றேன். உட்கார்ந்தேன். அடுத்து ஒருவர் தன் மகனுக்கு எஞ்சினியரிங் சீட் கிடைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னார். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பிறகு சுண்டல் கொடுத்தார்கள். உப்பு குறைவு. சொல்லவில்லை.

ஜூலை 20, வியாழன்

அதற்கு நான், "போனை அவ்வளவு நேரம் நோண்டினா வலிக்காம என்ன செய்யும்? கண்ணாடியைப் போடு" என்றேன். அவள் போட்டுக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான். எழுதுவதற்கு ஒரு வரிதான். மூன்று நிமிடத்துக்குள் சொல்லியிருக்கலாம். நீலப் புடவையையும் பஸ்ஸையும் விட்டிருந்தால் நேரம் இருந்திருக்கும். ஆனால் அவை இல்லாமல் இந்த வரிக்கு வர எனக்கு வழி தெரியவில்லை.

மதியம் என் பழைய அன்பியக் குறிப்பேடுகளை எடுத்தேன். மூன்று நிமிடச் சட்டம் எப்போது வந்தது என்று பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முன் செப்டம்பர் மாதம். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. "பகிர்வு நீள்வதால் கூட்டம் தாமதமாகிறது. இனி ஒருவருக்கு மூன்று நிமிடம். மணி வாங்கப்பட்டது."

அந்த வருடம் பகிர்வை நீட்டியவர் ஒருவர்தான். பதினாலாம் வீட்டு விசென்சியா கொரைரா. அவள் மகன் டெரிக், பதினாறு வயது, ஜூலை மாதம் நண்பர்களோடு கடலில் குளிக்கப் போய் வரவில்லை. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. முப்பது நாளும் ஒரு வீடு தவறாமல் சாப்பாடு அனுப்பினேன். இருபத்திரண்டாம் நாள் நான் போனபோது "ஆண்டவர் சித்தம்" என்றேன். முப்பதாம் நாள் அட்டவணையை நானே உரித்து எடுத்தேன். அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு புதனும் எழுந்து டெரிக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் வாரம் எல்லோரும் அழுதார்கள். நாலாவது வாரம் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆறாவது வாரம் நான் மணி வாங்கினேன்.

ஒரு முறைதான் அடித்தேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நவம்பர் மாதக் குறிப்பில் இருக்கிறது. "வீடு எண் 14: ஈடுபாடு குறைவு." அடியில் ஒரு கோடும் போட்டிருக்கிறேன். அளவுகோல் வைத்து, நேராக.

ஜூலை 22, சனி

எட்வினா வீட்டுக்குப் போனேன். கடைசி டப்பா அவளுடையது. அதைக் கொடுத்துவிட்டு, விசென்சியா இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். எட்வினா என்னை உள்ளே வரச் சொல்லி உட்காரவைத்தாள்.

"நாகர்கோவில்ல அவிய தம்பி வீட்டு மாடியில இருக்காவ. எதுக்கு மாமி?"

"ஒரு விஷயம் கேக்கணும்."

"நீங்களா?" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நானேதான். விலாசம் இருக்கா?"

"இருக்கு. ஆனா அவியளுக்கு உங்க மேல வருத்தம் மாமி. டெரிக் பேரை எடுத்தாலே அந்த மணி கேக்குதுன்னு ஒரு தடவ எங்கிட்டச் சொன்னாவ."

விலாசம் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு எட்வினா சும்மா இருக்கவில்லை. அவளுக்கும் சொல்ல ஏதோ இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக்கூடாது. இந்த முப்பது நாளும் முப்பது வீடும் பயந்து செத்துச்சு மாமி. மாமி குத்தம் சொல்லுவாவளே, என்னத்தச் சமைக்கன்னு எல்லாரும் எனக்குப் போன் போடுதாவ. எங்கம்மா குத்தம் சொல்லாமச் சாப்பிடுத ஒரே சாப்பாடு இடியாப்பமும் சொதியுந்தான்னு ஜூலி எப்பவோ ஒரு கிறிஸ்மஸுக்குச் சொன்னா. அதான் எல்லாருக்கும் அதையே சொல்லிட்டேன். நாந்தான் மொதல்ல நெனப்பில்லாம சாம்பார் சாதத்தக் கொண்டாந்தேன், அது நாய்க்குப் போச்சு."

"நாய் சாப்பிடல" என்றேன்.

"தெரியும்" என்றாள் எட்வினா. "அதுதான் இன்னும் வருத்தமா இருக்கு."

இருவரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு முதலில் நின்றுவிட்டது. அவள் ஜூலி என்று சொல்லியிருந்தாள். நாற்பத்து நாலு நாளில் அடுத்தவர் வாயிலிருந்து முதல் முறை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கலாமா என்று பார்த்தேன். காபி போட உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 24, திங்கள்

கடிதம் எழுதிவிட்டேன். நாலு தாள் கிழித்தேன். கடைசியாக வந்ததன் நகலை இங்கே எழுதிவைக்கிறேன். அசல் பதினொரு மணித் தபாலில் போய்விட்டது.

*அன்புள்ள விசென்சியா,*

*நான் தூத்துக்குடி பெர்பெத்துவா மிராண்டா. பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாமல் இருந்தால் நல்லது. கிழித்தால் குற்றம் சொல்ல மாட்டேன்.*

*ஜூன் 9ஆம் தேதி என் மகள் ஜூலி இறந்துவிட்டாள். உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். எனக்கு ஆறுதல் சொல்லி எழுதவேண்டாம். அது முப்பது வீட்டிலிருந்தும் வந்துவிட்டது. அதில் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். முப்பது நாளும் நாலு மணிக்கு யாரோ ஒருவர் வந்தார்கள். தவறாகத்தான் பேசினார்கள், ஆனால் வந்தார்கள். அதனால்தான் யாரும் வராத முப்பத்தோராம் நாள் அப்படி இருந்தது. முப்பது என்பது நான் வீடுகளை எண்ணிப் போட்ட எண். துக்கத்தை எண்ணிப் போட்டது அல்ல. இது எனக்கு அப்போது தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை.*

*உங்களைப் பற்றிக் குறிப்பேட்டில் ஈடுபாடு குறைவு என்று எழுதியிருந்தேன். அது பிழை. அடித்துவிட்டேன். கூட்டத்துக்கு உங்களைவிட ஈடுபாட்டோடு வந்தவர் யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. ஆகவே இது அப்படித்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை. அப்படித்தான் எழுத முயன்றிருக்கிறேன்.*

*நான் மணி அடித்த அன்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த கடைசி வாக்கியம் எனக்கு நினைவிருக்கிறது. "டெரிக் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து" என்றீர்கள். அங்கே நிறுத்திவிட்டேன். நீங்கள் கையிலிருந்த முந்தானையை விட்டுவிட்டு உட்கார்ந்தீர்கள்.*

*ஜூலி திரும்பி வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகப் போய்விட்டாள். தலை வலிக்கிறது என்றவளை நான் ஏசித்தான் அனுப்பினேன். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் ஆண்டவர் சித்தம் என்று சொல்ல மாட்டீர்கள்.*

*அந்த வாக்கியத்தின் மீதி எனக்கு வேண்டும். டெரிக் திரும்பி வந்து என்ன செய்தான்? அதற்குப் பிறகு சொல்ல நினைத்திருந்ததையும் எழுதுங்கள். எத்தனை பக்கம் ஆனாலும் படிப்பேன். போனில் வேண்டாம், போனில் இருவரும் நலமாக இருப்பதாகச் சொல்லிவிடுவோம். தயவுசெய்து கடிதமாகப் பதில் எழுதுங்கள்.*

*பெர்பெத்துவா மிராண்டா*